கூச்சி மாலையா, துர்க்மென் காப்பா?

டெல்லியில் இருந்தபோது ஓர் ஆப்கானியப் பெரியவரிடம் இரண்டு நகைகள் வாங்கினேன். ஒன்று கூச்சி என்னும் ஆப்கான் நாடோடிகளின் மாலை, இன்னொன்று மத்திய ஆசியத் துர்க்மென் மக்களின் காப்பு. இரண்டையும் சில வருடங்களாகப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் காப்பையே சொல்வேன்.

மாலையின் அழகில் எனக்குக் குறையே இல்லை. வண்ணக் கண்ணாடி, சங்கிலிச் சரங்கள், குட்டிச் சலங்கைகள், வரிசையாகத் தொங்கும் காசுகள் என்று பார்த்ததும் கண்ணில் நிற்கும். விலையும் குறைவு. பாரசீகத்தில் 'கூச்' என்றால் இடம்பெயர்வது. அதனால்தான் கூச்சி என்று பெயர். இந்தப் பஷ்தூன் நாடோடிகள் கோடையில் மலையேறி, குளிர்காலத்தில் சிந்துச் சமவெளி வரை இறங்கி வந்தவர்கள். 1961இல் ஆப்கானிஸ்தான்-பாகிஸ்தான் எல்லை மூடப்பட்ட பிறகு அந்த வழி அடைபட்டது. போன பாதையெல்லாம் மாலையிலேயே தெரியும். என் மாலையில் ஆப்கான் காசுகளுக்கு நடுவே ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட நம் பழைய ரூபாய் ஒன்று வளையம் பற்றவைக்கப்பட்டுத் தொங்குகிறது. 11.66 கிராம், நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. மாலையில் நல்ல வெள்ளி அது மட்டும்தான். மீதியெல்லாம் ஜெர்மன் சில்வர், அதாவது செம்பும் நிக்கலும் துத்தநாகமும்.

துர்க்மென் நகை வேறு உலகம். வெள்ளியும் சூதுபவளமும்தான் அதன் அடையாளம். கீழடியிலும் கொடுமணலிலும் மணிகளாகக் கிடைத்த அதே சிவப்புக் கல்தான் இது. துர்க்மென்களில் தெக்கே குலத்தார் வெள்ளிமேல் பொன்முலாம் பூசுவார்கள். பொன்னைப் பாதரசத்தில் கரைத்துத் தடவி, சூடுகாட்டிப் பாதரசத்தை ஆவியாக்கும் பழைய முறை. வடக்கு ஆப்கானிஸ்தானில் அதிகம் உள்ள எர்சாரி குலத்தாரின் வேலை பெரும்பாலும் வெறும் வெள்ளி. 1920களில் சோவியத் ஆட்சிக்குத் தப்பி ஆமு தரியா ஆற்றைக் கடந்து வந்த துர்க்மென் குடும்பங்கள் பல. வரும்போது நகைகளும் கூட வந்தன. பிலெசிக் என்ற அகலமான காப்பு, பின்னலில் தொங்கும் இதய வடிவ அசிக், தாயத்துக் குழாயான துமார் எல்லாம் இவர்களுடையவை.

சரி, எதை வைத்து முடிவெடுத்தேன்? பராமரிப்பை வைத்துத்தான். வியர்க்கிற ஊரில் கூச்சி மாலையைப் போட்டால் இரண்டு மணி நேரத்தில் கழுத்தில் பச்சைக் கறை. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அரிப்பும் வரும். போகட்டும் என்று கழுவப் போனால் அடுத்த சிக்கல். கல்லும் கண்ணாடியும் அரக்கு அல்லது பசையில் உட்கார்ந்திருக்கும், வெந்நீர் பட்டால் இளகிவிடும். அம்மா வழக்கம்போலப் புளி போட்டுத் தேய்த்ததில், நடுவில் இருந்த நீல லேபிஸ் கல் மங்கிப்போயிற்று. வடகிழக்கு ஆப்கானிஸ்தானில் பதக்ஷானின் சர்-இ-சங் சுரங்கத்தில் ஆறாயிரம் வருடங்களுக்கு மேலாக வெட்டி எடுக்கப்படுகிற கல் அது. அதிலுள்ள கால்சைட் என்ற சுண்ணக் கனிமம் புளிப்புக்குத் தாங்காது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தக் கல்லைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது. சலங்கை அறுந்தபோதும், ஜெர்மன் சில்வரில் பற்றுவைக்கத் தெருமுனை ஆசாரி தயங்கினார்.

காப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. என்னுடையது முலாம் இல்லாத எர்சாரி வேலை. கறுத்தால் மெல்லிய துணியில் துளி விபூதி தொட்டுத் துடைப்பேன், வெள்ளி எழுந்துவிடும். சூதுபவளம் கண்ணாடியைவிடக் கடினமானது, இதுவரை ஒரு கீறல் இல்லை. முலாம் பூசியது வாங்கினால் மட்டும் விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம், பொன் தேய்ந்துவிடும். உலர்ந்த துணியே போதும்.

திரும்ப விற்பதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், நான் விற்றதில்லை. ஆசாரி உரைத்துப் பார்த்துக் காப்புக்கு வெள்ளி விலை சொன்னார், மாலையில் அந்தப் பழைய ரூபாய்க் காசுக்கு மட்டும் சொன்னார். ஆனால் காப்பை எடைக்குப் போட்டால் வேலைப்பாட்டுக்குக் கொடுத்த பணம் போய்விடும்.

வாங்கும்போது கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே குமிழி தெரிந்தால் அது சிவப்புக் கண்ணாடி. அப்புறம், காப்பின் வாயை மணிக்கட்டில் வைத்துப் பார்த்தே வாங்குங்கள். பழைய வெள்ளியை வளைத்துச் சரிசெய்யப் போனால் வெடித்துவிடும்.