பதினோரு முறை அறுந்த ரப்பர் வளையம்

நேற்று மாலை மலேசியாவின் சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வாங்கிவிட்டுக் காசு கொடுக்கப் பாக்கெட்டில் கையை விட்டேன். முதலில் விரலில் பட்டது மணிபர்ஸ் அல்ல, பிக்பாக்கெட்டுக்குப் பயந்து அதன்மேல் நான் போட்டுவைக்கும் ரப்பர் வளையம், அடியில் சுருண்டு கிடந்தது. அறுந்திருந்தது. எப்போது அறுந்ததென்று தெரியவில்லை. காலையில் ஈப்போவுக்குப் பஸ்ஸில் போய் வந்தேன். அப்போதே அறுந்திருந்தால் அந்த நெரிசல் முழுவதும் காவல் இல்லாத பர்ஸோடு நின்றிருக்கிறேன். வீட்டுக்கு வந்து நாள்காட்டியில் குறித்துவைத்தேன். இது பதினோராவது வளையம். நாற்பத்தொரு நாள் தாங்கியிருக்கிறது.

அதே இரவு நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்துத் தம்பி ஒருவர் அழைத்தார். "அண்ணே, வரும் தைப்பூசத்துக்கு அப்பாவைப் பத்துமலை முருகன் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். நீங்கள் பர்ஸில் ஒரு ரப்பர் போட்டிருப்பீர்களே, அதையே அவருக்கும் போட்டுக் கொடுத்தால் போதுமா?" என்று கேட்டார். அறுந்த வளையம் மேசைமேல் கிடக்கிற நேரத்தில் வந்த கேள்வி. போதும் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. நாளை சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். மூன்றரை ஆண்டுகள் பயன்படுத்தியதை ஒழுங்காக எழுதிவிட்டால் அவருக்கும் பதிலாகும், எனக்கும் தெளிவாகும்.

பொருள் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். எழுதுபொருள் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் பட்டையான ரப்பர் வளையம், ஒரு விரல் அகலம். மடித்த பர்ஸின் இடுப்பில் இரண்டு சுற்றாகப் போட வேண்டும். பாக்கெட்டில் பர்ஸ் நிற்கும்போது வளையம் குறுக்கே ஓட வேண்டும். அவ்வளவுதான் வேலை. மெல்லிய வளையம் எதற்கும் உதவாது. நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்குப் போடுகிற ரப்பரைப் பர்ஸுக்குப் போட்டுவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நான் இதற்கு வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். 2019 தீபாவளிக்கு முந்திய வாரம், ஈப்போ லிட்டல் இந்தியாவில் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போன இடத்தில் என் பர்ஸ் போனது. பணம் 180 வெள்ளிதான் (ரிங்கிட்). அடையாள அட்டை, வாகன உரிமம் எல்லாவற்றுக்கும் காவல் நிலையத்தில் புகார் எழுதி, அலைந்து திரிந்து புதிது வாங்கிவிட்டேன். வாங்க முடியாதது ஒன்று அதில் இருந்தது. அம்மாவின் பாஸ்போர்ட் அளவுப் படம். கறுப்பு வெள்ளை, ஓரம் மஞ்சளானது. தோட்டத்தில் எடுத்த ஒரே படம், வேறு பிரதி கிடையாது. எடுத்தவன் பணத்தை எடுத்துக்கொண்டு பர்ஸைச் சாக்கடையில் போட்டிருப்பான், படமும் அங்கேயே கரைந்திருக்கும். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது. இந்த ரப்பர் வளையத்தை நான் இத்தனை தீவிரமாக எடுத்துக்கொள்வது ஏன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அதன் பிறகு நோய்த்தொற்றுக் காலம். கூட்டமும் இல்லை, கவலையும் இல்லை. 2022இல் திருவிழாக்கள் திரும்பியபோது பயமும் திரும்பியது. முதலில் இரவுச் சந்தையில் விற்ற சுருள் கயிறு ஒன்றை வாங்கிப் பெல்ட்டில் கோத்தேன். இரண்டு மாதம். மோட்டார் சைக்கிள் கைப்பிடி, பஸ் இருக்கை, கடைக் கதவு என்று எதிலெல்லாம் மாட்ட முடியுமோ அதிலெல்லாம் மாட்டியது. கழற்றி எறிந்துவிட்டேன். வங்கி அட்டையின் ரேடியோ அலையைத் தடுக்கும் பர்ஸ் என்று இன்னொன்றும் விற்கிறார்கள். அட்டையின் அலையைத் தடுக்கலாம். உள்ளே நுழையும் இரண்டு விரலை அது என்ன செய்யும்?

அந்த இரண்டு விரல்தான் விஷயம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கத்தரிக்கோல் போல இறங்கி, பர்ஸின் விளிம்பைக் கவ்வி மேலே வரும். தேய்ந்த தோலும் பாக்கெட்டின் உள்துணியும் வழுவழுப்பானவை. ஒன்றன்மேல் ஒன்று சத்தமில்லாமல் வழுக்கும். வளையம் போட்ட பர்ஸ் அப்படி வராது. ரப்பர் உள்துணியைப் பிடித்துக்கொள்ளும். பர்ஸை இழுத்தால் துணியும் சேர்ந்து வரும், கால்சட்டையே இடுப்பில் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். வளையம் திருடனைத் தடுப்பதில்லை. நமக்குச் சொல்லிவிடுகிறது. அந்தக் கண்ணிமைக்கும் நேரம்தான் நாம் வாங்குவது.

வீட்டில் சோதித்தும் பார்த்தேன். நான் நாளிதழ் படித்துக்கொண்டு நிற்பது, மனைவி பின்னால் வந்து எடுப்பது. வளையம் இல்லாமல் பத்து முறை. நான்கு முறைதான் எனக்குத் தெரிந்தது. வளையத்தோடு பத்து முறை, பத்தும் தெரிந்தது. எதிர்பார்த்து நிற்பவனிடம் செய்த சோதனை இது, கூட்டத்தில் சாமி பார்த்துக்கொண்டிருப்பவனிடம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூட்டத்துச் சோதனை 2024 ஜனவரி 25 அன்று நடந்தது. தைப்பூசம். இங்கிருந்து கோலாலம்பூருக்கு ரயில், அங்கிருந்து பத்துமலைக்குக் கொம்யூட்டர் என்னும் புறநகர் ரயில். கோயிலுக்கு ஏறும் அந்த 272 படிகளில் எல்லோரும் கவனமாகத்தான் இருப்பார்கள். கவனம் தப்புவது ரயிலிலிருந்து இறங்கி வெளிவாசலை நோக்கி நெருக்கியடித்து நகரும்போது. தூரத்தில் உறுமிமேளம் கேட்கிறது, எல்லோர் தலையும் அந்தப் பக்கம் திரும்புகிறது. என் வலது தொடையில் துணி இறுகியது. யாரோ காலைப் பிடித்து இழுத்ததைப் போல ஒரு வெட்டு. கை தானாக அங்கே போனது. பர்ஸ் பாதி வெளியே வந்து நின்றது. பாக்கெட்டின் வெள்ளை உள்துணி அதைச் சுற்றி நாக்கு நீட்டியது போல் வெளியே தொங்கியது. பக்கத்தில் நின்றவர்களில் யார் கை என்று எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. பர்ஸ் என் கையில் இருந்தது. அன்றைக்கு அந்த வளையத்தைப் பற்றி யார் கேட்டிருந்தாலும் தங்கத்தில் செய்யலாம் என்று சொல்லியிருப்பேன்.

அன்று நான் போட்டிருந்தது ஜீன்ஸ். அதையும் சொல்ல வேண்டும். பட்டுப் போலப் பளபளக்கும் செயற்கை நூல் ஜிப்பாவின் பக்கப் பாக்கெட்டில் பிறகு சோதித்தேன். வளையத்தோடு சேர்ந்து பர்ஸ் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. கோயிலுக்கு நாம் போட்டுப் போவதே ஜிப்பாதான் என்றால் இது சின்னக் குறையல்ல.

காசு கொடுக்கும்போது வளையத்தைக் கழற்ற வேண்டியிருப்பது எல்லோரும் சொல்லும் குறை. கழற்றியதும் மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் தொலையாது, பழகிவிடும். ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளித் தாள்கள் பிளாஸ்டிக் என்பதால் வளையத்தின் அழுத்தத்தில் மடிந்து கிடந்து, திறந்ததும் துள்ளி எழும். அதுவும் பழகிவிடும்.

பழகாதது ஒன்றுதான். இது சாவதை நமக்குச் சொல்வதில்லை.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் அறுகிறது, தோலின் விளிம்பில் வளைந்து திரும்பும் மூலையில். நேற்று அறுந்ததை வெளிச்சத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வற்றிய குளத்து மண்ணைப் போல் குறுக்கே குறுக்கே வெடிப்புகள். இழுக்க இழுக்க ஒவ்வொரு வெடிப்பும் வாய் திறந்தது. மீதி இடமெல்லாம் புதிது போலவே இருந்தது. இயற்கை ரப்பரின் மூலக்கூறில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் தாக்கும். இழுபட்ட நிலையிலேயே கிடக்கும் ரப்பர் இன்னும் விரைவாக வெடிக்கும். உடம்புச் சூடும், கை எண்ணெயும், நம் ஊர்ப் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். என் கணக்கில் குறைந்தது பத்தொன்பது நாள், அதிகம் நான்கு மாதத்துக்குச் சற்று மேல். இத்தனை வித்தியாசம் ஏன்? கடையில் எப்போது வந்த சரக்கென்று நமக்குத் தெரியாது. நான் வாங்கும் பொட்டலத்தில் தயாரித்த மாதம் இல்லை, ஆண்டும் இல்லை. கடை முகப்பில் வெயில் படுகிற இடத்தில் மாதக்கணக்கில் தொங்குகிறது. வாங்கும்போதே பாதி செத்த பொருள். ரொட்டிக்குத் தேதி போடுகிறார்கள், இதற்குப் போட்டால் என்ன?

கோபம் அதிகமாகத்தான் இருக்கிறது. காரணமும் இருக்கிறது. 1877இல் இந்நாட்டில் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. எங்கள் அம்மா இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குப் போய், ரப்பர் மரம் வெட்டிப் பாலெடுத்தவர். மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தாக்கி விளையாடிய பிள்ளை நான். இப்போது அந்த நிரைகளெல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. ரப்பரால் வளர்ந்த ஊரில் ஒரு நல்ல ரப்பர் வளையம் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இடையில் பதினான்கு மாதம் வேறொன்றைப் பயன்படுத்தினேன். சைக்கிள் கடையில் பழைய டியூப் கேட்டு வாங்கி, குறுக்கே வெட்டி வளையமாக்கினேன். அது பியூட்டைல் என்னும் செயற்கை ரப்பர். அதில் இரட்டைப் பிணைப்புகள் மிகக் குறைவு, அதனால் வெடிப்பதில்லை. இழுத்துவிட்டால் நம் ரப்பரைப் போல் சுண்டிக்கொண்டு திரும்பாது, சோம்பலாகத் திரும்பும். ஆனால் பதினான்கு மாதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை, ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஏன் விட்டேன்? கறுப்பு. எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் வெளிர் நிறக் கால்சட்டைகளில் மை பூசியது போல் தீற்றிவிடுகிறது. மூன்று கால்சட்டைகள் போனபின் மனைவி டியூப்பை எடுத்துக் குப்பையில் போட்டார். அவர் செய்தது சரிதான். கறுப்பு ஜீன்ஸ் மட்டும் அணிபவர் என்றால் தயங்காமல் டியூப்பை வெட்டிக்கொள்ளுங்கள்.

இனித் தம்பிக்குப் பதில்.

உங்கள் அப்பாவுக்கு இது வேண்டாம். நான் பெரியப்பா என்று அழைக்கும் அவருடைய விரல்களை நினைத்துப் பாருங்கள். நாற்பது ஆண்டு பால்வெட்டும் உளி பிடித்து மடங்கிப்போனவை. தேநீர்க் குவளையையே இரண்டு கையாலும்தான் பிடிக்கிறார். இரண்டு சுற்று வளையத்தை அவரால் கழற்ற முடியாது. கடையில் நின்று, "தம்பி, இதைக் கொஞ்சம் கழற்றிக் கொடு" என்று முன்பின் தெரியாதவன் கையில் பர்ஸையே கொடுத்துவிடுவார். திருடன் தேடி வர வேண்டியதில்லை.

அவருக்குப் பழைய வழிதான் ஏற்றது. பாக்கெட்டில் கையை விட்டு எடுப்பவனுக்குத் தமிழில் முடிச்சவிழ்க்கி என்று பெயர். நம் ஆட்கள் பணத்தை முடிச்சில்தான் வைத்திருந்தார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. சம்பள நாளில் டவுனுக்கு வரும்போது அம்மா சுருக்குப்பையை இடுப்பில் செருகி, அதன்மேல் ஓர் ஊக்கும் குத்துவார். "மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம்" என்று சொல்லிக்கொண்டே குத்துவார். பெரியப்பாவின் சட்டைக்கு உட்புறம், இடது மார்புப் பக்கம் ஒரு பை தைக்கச் சொல்லுங்கள். அடையாள அட்டையும் ஐம்பது வெள்ளியும் அதில் இருக்கட்டும். வாயை ஊக்கால் குறுக்கே குத்திவிடுங்கள். மீதிப் பணம் உங்களிடம் இருக்கட்டும். காசு கொடுப்பதும் நீங்களாகவே இருங்கள்.

மற்றவர்களுக்கு? பத்துமலையில் என் பர்ஸைக் காப்பாற்றிய பொருளை இன்று நான் யாருக்கும் பரிந்துரைக்கப் போவதில்லை. வெட்டு விழுந்த அந்த நொடியை மறக்கவில்லை, வளையம் அன்று செய்ததைக் குறைத்துச் சொல்லவும் இல்லை. ஆனால் நேற்றுக் காலை பஸ்ஸில் காவல் இருக்கிறதென்று நம்பி நிம்மதியாக நின்றேனே, அதைப் பொறுக்க முடியவில்லை. வளையமே இல்லாதிருந்தால் கையைப் பாக்கெட்டின் மேலேயே வைத்திருந்திருப்பேன்.

அம்மாவின் படத்துக்குப் பதிலாக இப்போது பர்ஸில் இருப்பது அவருடைய பழைய சம்பளச் சீட்டு ஒன்று. அதை இனி வீட்டு அலமாரியில் வைக்கப்போகிறேன். பொட்டலத்தில் மிச்சமிருந்த வளையங்களை இழுத்துப் பார்த்து, வெடிப்பில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பேனாவால் இன்றைய தேதியை அதன்மேல் எழுதினேன். பன்னிரண்டாவது. முப்பதாம் நாள் அறுந்தாலும் அறாவிட்டாலும் மாற்றிவிடுவேன்.