வேரா, மாத்திரையா: முதலில் அது எந்தப் புண்?

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் உட்காரும் மெடிக்கல் ஷாப்பில் ஷட்டர் ஏற்றியதும் வரும் முதல் ஆள் பெரும்பாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வருவார். "ஒரு பான்-டி குடுப்பா", இல்லையென்றால் "ஜெலுசில் பாட்டில் சின்னது". போன மாதம் ஹார்பரில் லோடு இறக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் கவரில் காய்ந்த வேர், இன்னொரு கையில் அமிலம் குறைக்கும் பான்டாபிரசோல் மாத்திரையின் பாதி காலியான அட்டை. கவுண்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, வவுத்துல புண்ணுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டுல எது கேக்கும்? எத வித்தா உனக்கு லாபம்னு யோசிக்காத, உண்மைய சொல்லு."

கவரில் இருந்தது தண்ணீர்விட்டான் கிழங்கு. ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. விரல் நீளம், வெளிறிய மஞ்சள், நெடுக்கச் சுருங்கிய வரிகள். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அவருக்குப் பதில் சொல்ல எனக்கு அரை மணி நேரம் ஆனது. ஏன் ஆனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எம்.ஃபார்ம் படித்தபோது இதே வகை வேலை செய்தவன். வேறொரு வேர், அதே சோதனை. "இந்த வேர் அல்சரை ஆற்றுகிறது" என்று செய்தியில் வருகிறதே, அதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது ஓர் எலி. அதை ஒரு நாள் பட்டினி போடுவோம். மயக்கம் கொடுத்து வயிற்றில் சின்னதாக வெட்டி, இரைப்பை முன்சிறுகுடலோடு சேரும் கழுத்தை நூலால் இறுக்கிக் கட்டித் தைத்துவிடுவோம். சுரக்கிற அமிலம் கீழே இறங்க வழியில்லாமல் உள்ளேயே தேங்கிச் சுவரை அரிக்கும். சில மணி நேரம் கழித்து இரைப்பையை எடுத்து, ஓரமாகக் கத்தரித்து, உப்புநீரில் அலசி, கார்க் பலகையில் குண்டூசி குத்தி விரித்து வைப்போம். லென்ஸை வைத்துக்கொண்டு சிவப்புப் புள்ளி எத்தனை, கோடு எத்தனை என்று எண்ணுவதுதான் அடுத்த வேலை. தேங்கிய நீரைத் தனியாகச் சுழற்றித் தெளிய வைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளப்போம். நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டுக்காகக் கண் வலிக்கக் காத்திருப்போம். 1945ல் ஷே என்பவரும் அவர் குழுவினரும் கொண்டுவந்த முறை இது. இன்றும் இதுதான் நடக்கிறது.

முறையில் குற்றமில்லை. ஆனால் அந்த எலிக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி கிடையாது. அது ஆறு மாதமாக ராத்திரி ராத்திரி டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை போட்டதில்லை. ராயபுரத்திலோ காசிமேட்டிலோ மனிதருக்கு வருகிற வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் இந்த இரண்டில் ஒன்று. மிளகாய்த்தூளோ, பர்மா நூடுல்ஸான அத்தோவோ எரிச்சலைக் கூட்டலாம், புண்ணை உண்டாக்குவதில்லை. (அத்தோ கடைக்காரர்கள் சார்பாக இதைச் சொல்லிவிட்டேன்.)

தண்ணீர்விட்டான் கிழங்கை, அதாவது சதாவரியை, முறையாகச் சோதித்தது காசி இந்துப் பல்கலைக்கழகக் குழு. 2003ல் வெளியான ஆய்வு. புது வேரின் மெத்தனால் சாற்றை எலிகளுக்கு நாளுக்கு இரண்டு வேளை, ஐந்து நாள் கொடுத்தார்கள். குளிரில் கட்டிப்போட்டு வரவழைத்த புண்ணிலும், இரைப்பைக் கழுத்தைக் கட்டி வரவழைத்த புண்ணிலும், முன்சிறுகுடல் புண்ணிலும் நல்ல பாதுகாப்பு தெரிந்தது. அமிலத்தின் அளவு பெரிதாகக் குறையவில்லை. சுவரைப் போர்த்தும் கோழைப்படலம் கூடியது. சுவர் செல்களின் ஆயுளும் கூடியது. பான்டாபிரசோல் தண்ணீர்க் குழாயை மூடுகிறது என்றால் இந்த வேர் சுவருக்குப் பூச்சு வேலை பார்க்கிறது. இரண்டும் ஒரே வேலை செய்கிற போட்டியாளர்களே இல்லை.

அதே ஆய்வில் இன்னொரு வரி உண்டு. அதை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. ஆஸ்பிரின் (அதுவும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைதான்) மட்டும் கொடுத்து வந்த புண்ணிலும், சாராயம் கொடுத்து வந்த புண்ணிலும் அந்த வேர் பலன் தரவில்லை.

இதைப் படித்தது நினைவுக்கு வந்ததும் அண்ணனைப் பார்த்துக் கேட்டேன்: "ண்ணா, இடுப்பு வலிக்கு என்ன போடுற?"

"டைக்ளோதான். லோடு இருக்கற நாள்ல ரெண்டு."

"சரக்கு?"

சிரித்தார். அதுவே பதில்.

அவர் கையிலிருந்த வேர், அவருக்கு மிக நெருக்கமான இரண்டு சோதனையிலும் தோற்ற வேர். இதை அப்படியே முடித்துவிட்டால் நியாயமாகாது. 2005ல் வேறொரு குழு இண்டோமெதசின் என்ற வலி மாத்திரை கொடுத்த எலிகளில் இதே வேரைச் சோதித்து, அமிலம் குறைக்கும் ரானிடிடின் மாத்திரைக்குச் சமமாக வேலை செய்ததாக எழுதியது. ஒரு கட்டுரையில் தோற்றது, ஒன்றில் ஜெயித்தது. என் கணக்கில் இது சமன் அல்ல, சந்தேகம். சந்தேகத்தின் பலனை வயிற்றுக்குக் கொடுக்க வேண்டும், வேருக்கு அல்ல. தவிர, அளவுகோலாக வைத்த ரானிடிடினே 2022ல் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து போய்விட்டது.

அளவையும் பார்க்க வேண்டும். காசி ஆய்வில் எலிக்குக் கொடுத்தது அதிகபட்சம் கிலோ எடைக்கு 100 மில்லிகிராம், இரண்டு வேளை. எலிக் கணக்கை மனிதருக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்பார்கள். 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு இரண்டு கிராம் சாறு வருகிறது. இரண்டு கிராம் வேர்ப்பொடி இல்லை, சாறு. பத்துக்கு ஒன்று சாறு இறங்கும் என்று வைத்தால் இருபது கிராம் பொடி. வீட்டில் பாலில் கலக்கிக் குடிப்பது ஒரு டீஸ்பூன்.

மனிதரில் ஏதாவது உண்டா? 1990ல் மும்பையில் ஆரோக்கியமான எட்டுப் பேரிடம் ஒரு சின்னச் சோதனை நடந்தது. இரைப்பை காலியாகும் நேரம் இந்த வேரால் குறைந்தது, இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரை அளவுக்குக் கிட்டத்தட்ட. சாப்பிட்டபின் கல்லாகக் கிடக்கும் வயிற்றுக்கு இது நல்ல செய்தி. புண்ணுக்கு இது சாட்சி ஆகாது.

மனித சாட்சியில் எல்லா வேர்களையும் தூக்கிச் சாப்பிடுவது அதிமதுரம். 1946ல் ரெவர்ஸ் என்ற டச்சு மருத்துவர் அதிமதுரச் சாறு இரைப்பைப் புண்ணை ஆற்றுவதாக எழுதினார். கூடவே நோயாளிகள் சிலருக்கு முகமும் காலும் வீங்கியதையும் எழுதினார். அதன் சத்திலிருந்து கார்பெனாக்சலோன் என்ற மருந்து வந்தது. 1962ல் ரிச்சர்ட் டால், சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினாரே அவரேதான், இரைப்பைப் புண் நோயாளிகளிடம் அதைச் சோதித்து, பலன் இருப்பதாகச் சொன்னார். ஒரு வேர் இந்த உயரத்துக்கு வந்தது சாதாரண விஷயமில்லை. 1976ல் அமிலம் குறைக்கும் சிமெடிடின் மாத்திரை வந்ததும் அந்தக் கதை மெல்ல அடங்கியது.

அடங்கியதற்கு வீக்கமும் ஒரு காரணம். அதிமதுரத்தின் இனிப்பான கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசாலை அடக்கி வைக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது. உடம்பு உப்பைப் பிடித்துக்கொள்கிறது, பொட்டாசியத்தை விட்டுவிடுகிறது, பிரஷர் ஏறுகிறது. சரி, கிளிசிரைசினை எடுத்துவிட்டுக் கொடுப்போம் என்று பார்த்தார்கள். அப்படிச் செய்த அதிமதுரம் 1978ல் வெளியான ஒரு சோதனையில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விடச் சிறப்பாக எதுவும் செய்யவில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர் என்னிடம்தான் பிரஷர் மாத்திரை வாங்குகிறார், கூடவே நீர் மாத்திரையும். ஏலத்துக்கு விடியுமுன்னே போய், தொண்டை கட்டாமல் இருக்க அதிமதுரத் துண்டை வாயில் அடக்கிக்கொள்வார். வயிற்றுக்கும் நல்லது என்று யாரோ சொல்ல, கஷாயமும் போட ஆரம்பித்தார். நீர் மாத்திரையில் சில வகை பொட்டாசியத்தை வெளியேற்றும், அக்காவுடையது அந்த வகை. அதிமதுரமும் அதையே செய்யும். நடுவில் மாட்டுவது இதயத் துடிப்பு. "அதி மதுரம்னு பேரே இருக்கே தம்பி, அது என்னா பண்ணும்?" என்றார். தொண்டைக்கு எப்போதாவது ஒரு துண்டு இருக்கட்டும், கஷாயம் வேண்டாம் என்றேன். வேர்களுக்குள் மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பிரஷர்காரருக்கு நான் காட்டுவது தண்ணீர்விட்டான்தான்.

நன்னாரிக்கும் எலியில் நல்ல பெயர் உண்டு, 2003லேயே. நன்னாரி என்று கடையில் கிடைப்பது பல நேரம் மாகாளிக்கிழங்கு என்பதுதான் சிக்கல். இரண்டும் மணத்தில் அக்கா தங்கை. நன்னாரி மெலிசாக, கறுத்த பழுப்பாக, குறுக்கே வெடித்த தோலோடு இருக்கும். மாகாளி தடிமன், சதைப்பற்று. வேடிக்கை என்னவென்றால், மைசூரின் மத்திய உணவு ஆய்வு நிறுவனத்தார் 2007ல் எழுதியபடி, அந்த மாகாளியின் ஒரு பொருள் இரைப்பையில் அமிலத்தைச் சுரக்கும் பம்பையும் தடுக்கிறது, பைலோரி கிருமியையும் தடுக்கிறது. மூட்டைப்பூச்சி வாடை அடிக்கிறது என்று நான் சின்ன வயதில் ஒதுக்கிய ஊறுகாய்! ஆனால் உப்பும் காரமும் ஊறிய துண்டு, ஆய்வகத்தில் பிரித்தெடுத்த பொருள் ஆகாது.

இனி மாத்திரை. பான்டாபிரசோல் அமிலப் பம்பையே பூட்டுகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். எரிச்சல் வந்தபின் போட்டால் பாதி வீண். முன்சிறுகுடல் புண் பெரும்பாலும் நான்கு வாரத்தில் ஆறும், இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம் வரை. எந்த வேரும் மனிதரிடம் இவ்வளவு உறுதியாக இதைக் காட்டியதில்லை. ஆனால் தனியாக மாத்திரை கிருமியைக் கொல்லாது. 1982ல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் மார்ஷலும் வாரனும் அந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியபின் (மார்ஷல் 1984ல் அதைக் குடித்தே காட்டினார்), கிருமி இருந்தால் ஆன்டிபயாடிக்குகளோடு 14 நாள் கிட் என்பது வழக்கமாகிவிட்டது. கிட் இல்லாமல் வருஷக்கணக்காக பான்டாபிரசோல் போடுகிறவர்கள் என் கவுண்டரிலேயே நிறைய. கேட்டதும் எடுத்துக் கொடுத்த பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்னைவிட எகிறும். "பாத்தியா, மாத்திரை இல்லன்னா எனக்கு ஆவாது" என்று திரும்ப வருவார்கள். நீண்ட நாள் போனால் பி12ம் மெக்னீசியமும் குறையலாம்.

கிருமிப் பரிசோதனைக்கு, அது மூச்சாக இருந்தாலும் மலமாக இருந்தாலும், இரண்டு வாரம் முன்பே பான்டாபிரசோல் வகை மாத்திரையை நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். நிறுத்துவதை டாக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும், புண்ணோடு இருப்பவர் தானாகச் செய்யக்கூடாது.

அண்ணனிடம் கடைசியாக ஒன்று கேட்டேன், மெதுவாக. "வெளிக்கிப் போறது தார் மாதிரி கறுப்பா போச்சா?" கொஞ்சம் யோசித்தார். "போன வாரம் ரெண்டு நாள் போச்சு. அயிட்டம் சாப்ட்டதுனாலன்னு நெனச்சேன்." புண்ணில் ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம் அது. அதோடு வேர் பேச்சும் மாத்திரைப் பேச்சும் முடிந்தது. கெஞ்சி, அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார். எண்டோஸ்கோப்பியில் இரைப்பையில் புண், கிருமி இல்லை, டைக்ளோ நிறுத்தம். சீட்டில் எட்டு வாரத்துக்கு பான்டாபிரசோல், வலிக்குப் பாராசிட்டமால். எடுத்துக் கட்டிக் கொடுத்தேன்.

"அந்த வேர் என்ன ஆச்சுண்ணா?"

"தங்கச்சிக்கு கொழந்த பொறந்திருக்கு. பால் நல்லா சுரக்கும்னு அம்மா வாங்கி இடிச்சு வெச்சிடுச்சு" என்றார்.