கம்மி பட்ஜெட்ல பாரிடோன் கிட்டார்: ஹார்ட் ராக்குக்கு எது தேறும்?

பாரிடோன் கிட்டார், அதாவது சாதாரண கிட்டார விட நீளமான, கீழ் சுருதில வாசிக்கிற கிட்டார், வாங்கப் போறவங்க பிராண்ட் பாக்குறாங்க, கலர் பாக்குறாங்க, பிக்கப் பாக்குறாங்க, ஸ்கேல் லெங்த்த (நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் ஸ்ட்ரிங் அதிர்ற நீளம்) மட்டும் கண்டுக்கிறதே இல்ல. ஆனா மேட்டரே அங்கதான் இருக்கு. சாதாரண ஃபெண்டர் டைப் கிட்டார் 25.5 இன்ச், பாரிடோன்னு சொல்லி விக்கிறதெல்லாம் 27ல இருந்து 30 இன்ச் வரைக்கும் வரும். இதுல 27 இன்ச்ன்னு பாத்ததும் சந்தோஷப்பட்டுடாதீங்க, கணக்கு போட்டா அதே ஸ்ட்ரிங்குக்கு டென்ஷன் சுமார் 12 சதவீதம்தான் கூடுது, அதாவது ஒரே ஒரு செமிடோன் (ஒரு ஃப்ரெட் அளவு சுருதி) இறக்கினா அந்த லாபம் அப்படியே காலி. சாதாரண டியூனிங்ல கீழ் ஸ்ட்ரிங் ஈ, அங்கிருந்து பி-க்கு போக அஞ்சு செமிடோன் இறங்கணும், மிச்ச வேலைய தடியான ஸ்ட்ரிங்தான் பாக்கணும்.

அதனால டிராப் சி (கீழ் ஸ்ட்ரிங்க சி வரைக்கும் இறக்குற டியூனிங்) வரைக்கும்தான் போவேன்னு சொல்றவங்களுக்கு பாரிடோனே வேணாம், இருக்குற கிட்டார்லயே 12-60 செட் (மெல்லிய ஸ்ட்ரிங் 0.012 இன்ச், தடி ஸ்ட்ரிங் 0.060 இன்ச்) மாட்டி செட்டப் பண்ணிக்கோங்க, காசு மிச்சம்.

பி-க்கோ ஏ-க்கோ போறவங்களுக்கு என் சாய்ஸ் இபனெஸ் ஆர்ஜிஐபி6. 28 இன்ச், ரெண்டு ஹம்பக்கர் (இரைச்சல் கம்மியான ரெட்டைக் காயில் பிக்கப்), ஃபிக்ஸட் பிரிட்ஜ், அலங்காரம்னு பெருசா ஒண்ணும் கிடையாது, ஹார்ட் ராக்குக்கு அது போதும். எல்டிடி வைப்பர்-201பி-யும் நல்ல ஆப்ஷன்தான், ஆனா அது 27 இன்ச், பி-க்கு கீழ இறக்கினா தொளதொளன்னு ஆயிடும். அந்த பாடி ஷேப்புக்கு நெக்கும் நீளமா இருக்குறதால தலைப்பக்கம் கீழ சாயும், அகலமான தோல் ஸ்ட்ராப் போட்டா சமாளிச்சுடலாம். ஸ்குவயர் பாரிடோன் கப்ரோனிட்டாவும் 27 இன்ச்தான், சோப்பார்னு சொல்ற சிங்கிள் காயில் பிக்கப், கிரஞ்ச் அருமையா வரும், கெய்ன (டிஸ்டார்ஷன் அளவ) ஏத்த ஏத்த இரைச்சலும் கூடவே வரும்.

டேன்எலெக்ட்ரோ 56 பாரிடோன், கிரெட்ச் ஜி5260 ரெண்டுமே 29.75 இன்ச். டென்ஷன் சூப்பர், கீழ் நோட்டு ஒவ்வொண்ணும் மணி மாதிரி தனித்தனியா கேக்கும். டேன்எலெக்ட்ரோவோட லிப்ஸ்டிக் பிக்கப் சர்ஃபுக்கும் கன்ட்ரிக்கும் பொருந்துற அளவுக்கு ஹை கெய்னுக்குப் பொருந்தல. கிரெட்ச்ல மினி ஹம்பக்கர் இருக்கு, அதனால இந்த நீளத்துல வேணும்னா அதுதான். ஆனா கை என்ன சொல்லுதுன்னும் பாருங்க, 25.5 இன்ச் கிட்டாரோட ஒப்பிட்டா முதல் ஃப்ரெட் மட்டுமே 6 மில்லிமீட்டர் கூடுதல் நீளம், முதல் நாலு ஃப்ரெட்டும் சேர்த்தா ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல கூடுதல். மெதுவான ரிஃப்னா தெரியாது, வேகமா வாசிச்சுக்கிட்டே போனா சுண்டுவிரல் அழும்.

எத வாங்கினாலும் செட்டப்புக்குன்னு கொஞ்சம் காசு ஒதுக்கி வைங்க, கம்மி விலை கிட்டார்ல நட் (தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் இருக்குற பட்டை) வேலை பெரும்பாலும் அரைகுறையாத்தான் இருக்கும். டியூன் பண்றப்போ 'டிக்'னு ஒரு சத்தம் வந்து சுருதி திடீர்னு குதிச்சா ஸ்ட்ரிங் நட் பள்ளத்துல சிக்குதுன்னு அர்த்தம், அத ஃபைல் போட்டு அகலப்படுத்தணும். அப்புறம் தடிமனான ஸ்ட்ரிங்கோட சேடில் (பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங் உக்கார்ற துண்டு) எவ்வளவு பின்னாடி போகும்னு பாருங்க, கடைசி வரைக்கும் தள்ளியும் 12வது ஃப்ரெட்ல ஷார்ப்பா (சுருதி கூடுதலா) கேட்டா இன்டனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்லயும் சுருதி சரியா இருக்குறது, தேறாது. டி'அடாரியோ 14-68 செட் பி டியூனிங்குக்கு கச்சிதம், எர்னி பால் பாரிடோன் ஸ்லிங்கி 13-72, அது நீளமான ஸ்கேலுக்கு.

சவுண்ட் பத்தி ஒண்ணே ஒண்ணு. பாரிடோன் சேறு மாதிரி கேக்குதுன்னு புலம்புறவங்க முக்கால்வாசிப் பேர் கெய்னும் பேஸும் முழுசா திருப்பி வச்சிருப்பாங்க. டிஸ்டார்ஷனுக்கு முன்னாடியே பேஸ வெட்டணும், அதுக்கு ஒரு டியூப் ஸ்க்ரீமர் டைப் ஓவர்டிரைவ் பெடல், டிரைவ் சுத்தமா கம்மி, லெவல் முழுசா. அது 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ படிப்படியா கம்மி பண்ணித்தான் கிளிப் பண்ணும் (டிஸ்டார்ட் பண்ணும்), பாம் மியூட் (பிரிட்ஜ் பக்கம் உள்ளங்கையால ஸ்ட்ரிங்க அமுக்கி வாசிக்கிறது) அப்பத்தான் கும்மு கும்முன்னு இறங்கும். கெய்ன் நீங்க நினைக்கிறதுல பாதி போதும்.

பேண்ட்ல வாசிக்கிறவங்க பேஸ் கிட்டாரிஸ்ட்கிட்ட முன்னாடியே பேசிடுங்க. ஏ டியூனிங்ல உங்க கீழ் ஸ்ட்ரிங் 55 ஹெர்ட்ஸ், அவரோட ஏ ஸ்ட்ரிங்கும் அதே 55 ஹெர்ட்ஸ், அவரும் கீழ இறங்கலன்னா ரெண்டு பேரும் ஒரே இடத்துல முட்டிக்கிட்டு நிப்பீங்க.