கறிக்கோழிக்கான மூலிகைத் திரவம்: அடைமழைக் காலத்தில் எங்கள் பண்ணை கண்டது

டெல்டாவில் கறிக்கோழி வளர்ப்பவர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் சோதனையான மாதங்கள். வயல்களுக்கு நடுவே தாழ்ந்த நிலத்தில் நிற்கும் கொட்டகைக்குள் ஈரக்காற்று புகுந்து, தரையில் பரப்பிய உமி ஆழ்கூளம் கட்டிதட்டி, அம்மோனியா நெடியில் கண் எரியத் தொடங்கிவிட்டால், அடுத்து வருவது கழிச்சல்தான். இந்தப் பருவத்திற்கென்று மன்னார்குடியில் ஒரு கால்நடை மருந்துக் கடையில் பரிந்துரைத்த மூலிகைத் திரவத்தை ஒரு கொட்டகைக்கு மட்டும் குடிநீரில் கொடுத்து, பக்கத்துக் கொட்டகையை வழக்கம்போல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம்.

ஓம எண்ணெய், பூண்டு, இலவங்கப்பட்டை, கீழாநெல்லி, நிலவேம்பு ஆகியவற்றின் சாறு என்று புட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். சேர்க்கையில் குறை சொல்ல முடியாது. ஓமத்தில் உள்ள தைமாலும் பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடும் குடலில் பெருகும் கெட்ட பாக்டீரியாக்களின் செல் சவ்வைச் சிதைக்கக்கூடியவை. கீழாநெல்லி கல்லீரலுக்கென்று நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டது. இந்தியாவும் 2019இல் கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கோழிகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது. கடைகளில் மூலிகைப் புட்டிகள் பெருகியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பலன் முதலில் தெரிந்தது கூளத்தில். ஒரு பிடி கூளத்தை அள்ளி இறுக்கிவிட்டுக் கையை விரித்தால், அது உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். திரவம் கொடுத்த கொட்டகையில், வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோதும், தண்ணீர்க் குழாய்க்கு அடியில் உள்ள பகுதியைத் தவிர மற்ற இடங்களில் கூளம் உதிர்ந்தது. எச்சம் இறுகியிருந்தது, நெடியும் குறைந்திருந்தது. ஆனால் விற்பனையாளர் உறுதியளித்த எடை கூடுதலைத் தராசு காட்டவில்லை. ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் ஆகிறது என்னும் தீவன மாற்று விகிதத்திலும் இரண்டு கொட்டகைகளுக்கும் இடையே சொல்லும்படியான வேறுபாடு இல்லை. நல்ல குஞ்சும் நல்ல காற்றோட்டமும் உள்ள பண்ணையில் இதனால் எடை கூடும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம்.

குழாய்க்கு அடியில் மட்டும் கூளம் நனைந்திருந்ததற்குத் திரவமே காரணம் என்பது பிறகுதான் விளங்கியது. எண்ணெய் தண்ணீரில் சரியாகக் கரையாததால், தொட்டியின் மேல்பரப்பில் வானவில் நிறத்தில் படலம் மிதக்கிறது. தண்ணீர் அடியிலிருந்து இறங்குவதால் மருந்து முழுவதும் கடைசியில் மொத்தமாகக் குழாய்க்குள் போகிறது. அது கோழி கொத்தினால் தண்ணீர் விடும் நிப்பிள் ஊசிகளில் பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ள, ஊசி சரியாக மூடாமல் சொட்டுகிறது. கூளம் காய வேண்டுமென்று கொடுக்கும் மருந்தே கூளத்தை நனைக்கும் வேடிக்கை இது. ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கலந்து நன்றாக அடித்துவிட்டுத் தொட்டியில் ஊற்றி, மாலையில் குழாயை வெறும் தண்ணீர் விட்டு அலசிய பிறகு சொட்டுவது பெருமளவு நின்றது. எண்ணூறு ரூபாய்க்கு மேல் விலை வைத்து விற்கும் நிறுவனம், கரையும்படி தயாரித்துத் தர வேண்டாமா?

மூலிகைகளின் பெயர்கள் இருக்கின்றனவே தவிர, தைமால் எத்தனை விழுக்காடு என்ற விவரம் புட்டியில் எங்கும் இல்லை. ஒரே செடியில்கூட மண்ணையும் பருவத்தையும் அறுவடையையும் பொறுத்துச் சத்தின் அளவு மாறும் என்பதால், இந்த விவரம் இல்லாமல் அளவு சொல்வதில் பொருளில்லை. நாங்கள் அடுத்து வாங்கிய புட்டியில் ஓம வாசனை வெகுவாகக் குறைந்திருந்தது.

இரத்தக் கழிச்சலைக் குணப்படுத்தும் என்ற வாசகத்தை மட்டும் நம்பவே கூடாது. அது ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. அதற்கான தடுப்பு மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கொடுப்பது ஆபத்து. எச்சத்தில் இரத்தம் தெரிந்தால், இறந்த கோழியை ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டுபோய் அறுத்துப் பார்க்கச் சொல்வதே முறை. குடிநீரில் தடுப்பூசி கொடுக்கும் நாளிலும் இத்திரவத்தைத் தவிர்க்க வேண்டும்.

இதே நிறுவனம் தீவனத்தில் கலக்கும் தூளும் விற்கிறது. நிலவேம்பின் கசப்பால் குஞ்சுகள் தீவனத்தைக் கிளறிச் சிந்துகின்றன. குருணைத் தீவனம் தயாரிக்கும்போது ஏற்றும் நீராவிச் சூட்டில் வாசனை எண்ணெய்களும் ஆவியாகக்கூடும். ஒப்பந்த முறையில் வளர்ப்பவர்களுக்குத் தீவனம் ஒப்பந்தம் செய்த கறிக்கோழி நிறுவனத்திலிருந்தே வருவதால் திரவம்தான் வழி; அதையும் அந்த நிறுவனத்தின் மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு, அடைமழை மாதங்களுக்கு மட்டும் வாங்குவது போதும்.