உப்புக்காற்றில் நின்ற பூட்டும் நிற்காத பூட்டும்

2022 யூன் மாதம், டீசலுக்கு இரவிரவாக வரிசையில் கிடந்த காலத்தில், என் லான்ட் றோவர் டிபெண்டர் ஜீப்பின் பக்கத்தில் மாட்டியிருந்த 20 லீற்றர் எரிபொருள் கான் களவு போனது. அதற்கு ஆமைப்பூட்டு போட்டிருந்தேன். வந்தவர் பூட்டைத் தொடவே இல்லை. கானைத் தாங்கிய கூட்டின் நாலு போல்ட்டையும் 13 ஆம் நம்பர் ஸ்பானரால் கழற்றி, கூடு, கான், பூட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டு போயிருந்தார். பூட்டின் திறப்பு மட்டும் இன்னும் என் வளையத்தில் கிடக்கிறது. கானுக்குள் ஒரு சொட்டு டீசல் இல்லாதது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

இப்போது என் வாகனத்தின் வெளியில் இருப்பவை புதுக் கான், வாகனத்தை உயரத் தூக்குகிற 48 அங்குல ஹைலிஃப்ட் ஜக், பின் கதவில் ஸ்பெயார் சில்லு, ஒரு சவள். இவற்றைக் காப்பதற்காக மூன்று விதமாகச் செலவழித்தேன். இரண்டு மாரி கண்டுவிட்டதால் எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில், வாங்கக்கூடாத ஒன்று. களவு போன கையோடு ஹார்ட்வெயார் கடையில் தகடு அடுக்கிய இரும்புப் பூட்டு ஒன்றை வாங்கி ஜக்கில் கொழுவினேன். கையில் எடுத்தால் நல்ல பாரம், பார்த்தாலே பயம் வரும். ஒரு மாரி கழிந்து குச்சவெளி தாண்டிப் புல்மோட்டை றோட்டில் பின் சில்லு காற்றுப் போனது. மச்சினன் கூட வந்திருந்தான். திறப்பைப் போட்டேன், பாதி தூரம் போய் நின்றது. திருப்பினேன், திறப்புத்தான் வளைந்தது. உள்ளே முழுக்கக் கறள். "அத்தான், கள்ளனுக்குப் போட்ட பூட்டு நமக்குப் பூட்டிட்டுது" என்று அவன் சிரிக்கிறான். முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றோம். உழவு மெசினில் வந்த ஒரு ஐயா அலவாங்கை வளையத்துக்குள் விட்டு ஒரே நெம்பில் உடைத்துத் தந்தார். கள்ளன் வந்திருந்தால் அவருக்கும் அவ்வளவு நேரம்தான் எடுத்திருக்கும். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாகனம் நிறுத்துகிற எங்களுக்கு, பூட்டைச் சோதிக்க முதலில் வருவது உப்பு. கள்ளன் பிறகுதான்.

அதற்குப் பிறகு புத்தி வந்து, மீன்பிடிச் சாமான் விற்கிற கடைக்குப் போனேன். படகு எஞ்சினைக் கரையில் பூட்டி வைக்கிறவர்களுக்குத் தெரியாததா? பித்தளை உடல், ஸ்டெயின்லெஸ் வளையம், திறப்பு ஓட்டைக்கு மூடி, அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை. நாலு பூட்டுக்கும் ஒரே திறப்பு வருகிற செட் கிடைத்தது. ஒன்று 3,200 ரூபாய்ப்படி வாங்கினேன். இருட்டில் எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு என்று தடவத் தேவையில்லை என்பதற்காகவே அந்தக் காசு கொடுக்கலாம்.

இன்றைக்கும் விரலால் திருப்பினால் திறக்கிறது. ஆனால் இரண்டு குறை. ஸ்டெயின்லெஸ் வளையம் கறள் பிடிக்காதே தவிர, கடினப்படுத்திய உருக்கு அளவுக்கு உறுதி இல்லை. பெரிய போல்ட் கட்டர் கொண்டு வந்தால் தாங்காது. அதனால் வளையம் குட்டையான வகையாகப் பார்த்து எடுங்கள். பூட்டினால் கட்டரின் வாய் நுழைய இடம் இருக்கக்கூடாது. இரண்டாவது, மேலே போட்டிருக்கும் இறப்பர் உறை. உப்புத் தண்ணீர் அதற்குள் தேங்கி நிற்கிறது. நான் வாடைக்காற்று தொடங்கியதும் கழற்றிவிடுவேன். எண்ணெய் விட வேண்டாம். எண்ணெயும் கடல் மணலும் சேர்ந்தால் உள்ளே களிம்பாகிவிடும். நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, பென்சில் கரியைச் சுரண்டிப் போடுகிறேன்.

இந்தப் பூட்டில் ஒன்று ஜக்கின் துளைக்குள்ளால் போய்த் தாங்கியோடு சேர்த்துப் பூட்டுகிறது. 13 கிலோ அளவு பாரமான இரும்பு அது, ஆனாலும் தூக்க ஆள் இருக்கிறது.

அடுத்தது கான் கூடு. இதில்தான் எனக்குத் திருப்தி அதிகம். உப்புவெளிப் பக்கம் ஒரு நானாவின் வெல்டிங் பட்டறையில் செய்வித்தேன். நான் படம் கீறிக் கொண்டு போனேன், அவர் அதைப் பார்க்கவே இல்லை. வாகனத்தைத்தான் பார்த்தார். "தம்பி, இந்த வாகனத்திட உடம்பு அலுமினியம். இரும்ப நேராப் பொருத்தினா உப்புத் தண்ணி பட்டு வெள்ளையாப் பூத்து ஓட்டை விழும்" என்றார். கூட்டுக்கும் உடலுக்கும் நடுவில் நைலோன் வொஷர் வைத்தார். உள்பக்கம் அகலத் தகடு கொடுத்து, நட்டுகளை உள்ளே இருந்து மட்டும் பிடிக்கிற மாதிரி அமைத்தார். வெளியில் தெரிவது 8 மில்லிமீற்றர் அலன் போல்ட்டின் தலை மட்டும். அலன் திறப்பு நுழைகிற அதன் அறுகோணக் குழி 6 மில்லிமீற்றர். சைக்கிள் பின் சில்லில் வரும் கால் அங்குலக் குண்டு அதைவிட ஒரு மயிரிழை பெரிது. குண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, உள்ளே இறுகிவிட்டது. இனி அலன் திறப்பு அதற்குள் போகாது. நாலு குண்டுக்கு நானா காசே எடுக்கவில்லை. கூட்டின் முன்தகடு ஆமைப்பூட்டில் நிற்கிறது. எல்லாமாக 14,500 ரூபாய்.

குறை என்றால், கழற்ற வேண்டுமென்றால் நானும் கிரைண்டர்தான் பிடிக்க வேண்டும். இன்னொரு குறை, மூன்று நாளில் தருவதாகச் சொல்லிப் பதினொரு நாள் எடுத்தார். வெல்டிங் அழகு, பெயின்ட் அவ்வளவு இல்லை. மூலைகளில் ஆறு மாதத்தில் கறள் எட்டிப் பார்த்தது, நானே சுரண்டிப் பூசினேன்.

ஸ்பெயார் சில்லுக்கான பூட்டு நட் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனபோது வாங்கியது. என் பின் கதவில் மூன்று நட். அதில் ஒன்றைக் கழற்றி இதைப் போட்டால் போதும். வெளி வளையம் தனியாகச் சுழலுகிற வகையாகக் கேட்டு எடுங்கள். சாதாரண வகை என்றால் அளவு குறைந்த சொக்கெற் ஒன்றை அடித்து ஏற்றித் திருப்பிவிடுவார்கள், சுழலும் வளையத்தில் அது பிடி கொள்ளாமல் சுற்றும். பளபளப்புப் பூச்சு ஒரு வருடத்தில் உரிந்துவிட்டது, வேலை செய்கிறது. அந்த நட்டைக் கழற்ற அதோடு வரும் திறப்புத் துண்டை வீட்டு அலுமாரியில் வைக்காதீர்கள். நான் வைத்தேன். கந்தளாயில் சில்லு மாற்ற வேண்டி வந்தபோது மனைவி அதை பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். இப்போது அது டாஷ்போர்ட்டில் கிடக்கிறது, அதன் இலக்கம் போனில் படமாக இருக்கிறது.

சவள் மட்டும் இன்னும் நைலோன் கயிற்றில் கட்டிக் கிடக்கிறது. அதற்கும் ஒரு பிடி செய்து தருவதாக நானா சொன்னார். சொல்லி இன்றோடு ஐந்து வாரம்.