வானிலை படிக்க பெங்களூரா, டெல்லியா?

பெங்களூர் அல்சூரில் இருக்கும் அக்கா மகள் இயற்பியல் முடித்துவிட்டு வானிலை படிக்கிறேன் என்கிறாள். "டிவியில் மழை வருமானு சொல்லவா?" என்றார் அத்தான்.

இங்கே இந்திய அறிவியல் கழகத்தின் வளிமண்டல, கடல் அறிவியல் மையத்தில் கேள்வியெல்லாம் 'ஏன்'தான்: பருவமழை நடுவில் ஏன் ஓய்கிறது, வங்கக் கடலின் வெப்பம் மேகத்தை எப்படி வளர்க்கிறது. கணக்கு வராதவர் திணறிவிடுவார்.

டெல்லி ஐஐடியிலும் வளிமண்டல அறிவியல் மையம் உண்டு. பாடத்தைவிட அக்கம்பக்கம்தான் எனக்குப் பெரிதாகப்படுகிறது. 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் லோதி சாலையில். வானிலையைக் கணிக்கக் கணினி மாதிரிகளை ஓட்டும் தேசிய நடுத்தரகால முன்னறிவிப்பு மையம் நொய்டாவில். அன்றாட முன்னறிவிப்பு வேலைதான் ஆசை என்றால் டெல்லி என்பேன்.

அக்காவின் ஓட்டு மட்டும், சொல்லவே வேண்டாம், வீட்டிலிருந்தே அறிவியல் கழகத்துக்குப் போய்வர மல்லேஸ்வரம் பஸ்ஸுக்கு.