சூப்பர்சார்ஜர் காரில் நீர்-மெத்தனால் தெளிப்பு: ஒன்பது ஆண்டு அனுபவம்

சிங்கப்பூரில் என்னிடம் இருந்தது 2005ஆம் ஆண்டு பதிவான மினி கூப்பர் எஸ். 2015இல், இங்கு கார் வைத்திருக்கத் தேவையான வாகன உரிமைச் சான்றிதழை மேலும் 10 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தேன். மறு ஆண்டு, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைக் கேட்டுத் தெளிந்த பிறகு, இயந்திரத்துக்குள் செல்லும் காற்றில் நீரையும் மெத்தனால் என்ற எரிசாராயத்தையும் தெளித்துக் குளிர்விக்கும் நீர்-மெத்தனால் தெளிப்புக் கருவி ஒன்றைப் பொருத்தினேன். கருவியைப் பற்றி என்னிடம் கேட்ட இளைஞர்கள் அனைவரும் முதலில் கேட்டது, “அண்ணே, எத்தனை குதிரைத்திறன் ஏறும்?” என்பதுதான். என் காரில் ஏறவில்லை. வெயிலில் இழந்த திறன்தான் திரும்பி வந்தது.

இந்த 1.6 லிட்டர் இயந்திரத்தில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், அதாவது இயந்திரத்துக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி, காற்றை அழுத்தும்போது அது சூடாகிறது. அதைக் குளிர்விக்க வேண்டிய இன்டர்கூலரோ இயந்திரத்தின் தலைமேலேயே அமர்ந்திருக்கிறது. தீவு விரைவுச்சாலையில் மாலை நெரிசலில் ஊர்ந்து செல்கையில் முன்மூடியின் திறப்பு வழியே காற்று வராததால், இன்டர்கூலர் குளிர்விப்பதற்குப் பதிலாகத் தானே கொதிக்கத் தொடங்கும். உட்செல்லும் காற்று 60 பாகை செல்சியசைத் தாண்டியதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்போது நாக்கிங் (சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடித்து எரிவது) நேராதபடி இயந்திரக் கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதால், நெரிசல் விலகி முடுக்கியை மிதித்தால் கார் சோம்பலாகவே எழும்.

பூஸ்ட், அதாவது சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் காற்றழுத்தம், 0.3 பார் எட்டியதும் பம்ப் இயங்கி, இன்டர்கூலருக்கு அடுத்துள்ள குழாயில், அதிக அளவாக நிமிடத்துக்கு 100 மில்லி தெளிக்கும்படி அமைத்தேன். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பத்தை இழுக்கும். மெத்தனால் அதில் பாதியளவு, பெட்ரோல் அதனினும் மிகக் குறைவு. கருவி பொருத்திய பிறகு காட்டியில் தெரிந்த வெப்பநிலை சட்டென்று சரிந்தது. ஆனால் அந்த எண்ணை நான் முழுமையாக நம்பவில்லை, ஏனெனில் நனைந்த உணரி உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். நான் நம்பியது மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் கண்டதை: முன்பு மூன்றாம் சுற்றிலேயே தளர்ந்துவிடும் கார், பிறகு 20 நிமிடமும் முதல் சுற்றில் இழுத்ததைப் போலவே இழுத்தது.

முதல் இரண்டு ஆண்டுகள் நீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி சேர்ந்த கலவையைப் பயன்படுத்தினேன். மெத்தனாலும் எரிபொருள்தான் என்பதால், கணினியின் நிரலை மாற்றாமல் அதைச் சேர்த்தபோது முழு முடுக்கத்தில் எரிபொருள் கலவை தேவைக்கு மேல் செறிவாகிப் பலன் குறைந்தது. மேலும், தோல் வழியாகவும் நஞ்சேற்றக்கூடிய, பகல் வெளிச்சத்தில் சுடரே கண்ணுக்குத் தெரியாமல் எரியக்கூடிய ஒரு திரவத்தை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில், பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைத்திருப்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய விமானங்கள் பயன்படுத்திய எம்.டபிள்யூ.50 கலவையிலும் பாதி மெத்தனால்தான். ஆனால் அங்கே அது, உயரத்துக் குளிரில் நீர் உறையாமலிருக்கவும் உதவியது. நம் ஊரில் எந்த நீர் உறையப்போகிறது?

எனவே 2018இல் வெறும் வாலைவடிநீருக்கு மாறினேன். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இங்குள்ள காற்றில் ஈரம் ஏற்கெனவே மிகுதி என்பதால், நீர் முழுவதும் வழியிலேயே ஆவியாவதில்லை, 65 பாகையிலேயே கொதிக்கும் மெத்தனால் அவ்விடத்தில் விரைந்து வேலை செய்யும். காட்டியில் தெரிந்த வீழ்ச்சியும் அதற்கேற்பக் குறைந்தது. எனினும் எஞ்சிய துளிகள் சிலிண்டருக்குள் ஆவியாகி அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சுவதால், நாக்கிங் தடுப்பில் எந்தக் குறையையும் நான் உணரவில்லை.

மெத்தனாலின் இன்னொரு பயன் 2022இல்தான் எனக்குப் புரிந்தது. பெருந்தொற்றினால், செப்பாங்குக்குச் செல்லும் வழியான ஜோகூர் எல்லை மூடியிருந்த இரண்டு ஆண்டுகளும் தொட்டியைக் காலி செய்யாமல் விட்டுவிட்டேன். திறந்து பார்த்தபோது வடிகட்டியில் வழவழப்பான பாசி படிந்து, நீரைத் தெளிக்கும் முனையான நாசில் அடைத்திருந்தது. மெத்தனால் கலந்த நீரில் பாசி வளராது. தவறு முற்றிலும் என்னுடையது.

அதைவிடக் கவலை தந்தது, மின்சாரத்தால் திறந்து மூடும் சொலினாய்டு வால்வு. இந்த இயந்திரத்தில், உட்செல்லும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் சூப்பர்சார்ஜருக்கு முன்னால் இருப்பதால், முடுக்கியை விட்டதும் நாசில் இருக்கும் இடத்தில் வெற்றிடம் உருவாகி, பம்ப் நின்றிருந்தாலும் தொட்டியிலுள்ள நீரை உறிஞ்சப் பார்க்கும். அதைத் தடுப்பது வால்வு ஒன்றுதான். ஒருநாள் அது முழுமையாக மூடாமல் போனதால், சமிக்ஞை விளக்கில் நின்ற கார் நடுங்கிக்கொண்டே இருந்தது. பொருத்திய பணிமனையில் தீப்பொறிச் செருகிகளை மாற்றிப் பணம் வாங்கினார்களே தவிர, வால்வைக் கழற்றிப் பார்க்கவில்லை. தொட்டியின் மட்டம் தானாக இறங்குவதைக் கண்டு நானே கண்டுபிடித்தேன்.

நிரப்பும் வேலை சிறியதுதான், ஆனால் முடிவதேயில்லை. 1962இல் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் கார் இத்தகைய திரவத்துடன் விற்பனைக்கு வந்தபோது, பலர் அதை நிரப்ப மறந்தே போனார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வரம்புள்ள நம் விரைவுச்சாலைகளில் மூன்று லிட்டர் தொட்டி எனக்கு இரண்டு மாதம் வந்தது. செப்பாங்கில் ஒரே காலையில் தீர்ந்தது.

2025இல் சான்றிதழ் முடிந்ததும் காரைப் பதிவுநீக்கம் செய்தேன். அதற்கு முன் கழற்றி வைத்த பம்பையும் தொட்டியையும், குதிரைத்திறனைப் பற்றிக் கேட்ட தம்பி ஒருவருக்குக் கொடுத்தேன். வால்வை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொன்னேன்.